கூடுதலாக ஒரு அங்குலம்

மார்ச் 4

தம்பிக்கு,

உன் விலாசத்தை ரேடியேட்டர் கடைக்காரர் கொடுத்தார். நீ வேலை செய்யும் கல் குவாரியில் டவர் கிடைக்காது என்றும் அவர்தான் சொன்னார். கிடைத்தாலும் நான் ஃபோன் செய்திருக்க மாட்டேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு டாக்டரம்மா பட்டறைக்கு வந்தார். ஒரு பிக்கப் வண்டியில் கூண்டு கட்டி, ஆற்றுப் படுகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்புகளுக்கு வாரம் நாலு நாள் போகிறார். பாதை என்று ஒன்று கிடையாது, பாறையும் குழியும்தான். போன மாதம் ஒரு நிறைமாதக்காரியை ஏற்றிவரும்போது வண்டி குதித்த குதியில், படுக்கையில் இருந்தவள் கூரையில் போய் இடித்தாளாம். “சக்கரம் எவ்வளவு வேணாலும் ஆடட்டும், மேல படுத்திருக்கிறவங்க ஆடக் கூடாது. உங்களால முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

ஷாக் அப்சார்பர் என் பாடு. முன் சக்கரத்தைத் தாங்க நீளமான ஆர்ம் வேண்டும். அந்த அளவெல்லாம் உன் பச்சை நோட்டில் இருக்கிறது. போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நம் ரேஸ் வண்டிக்குப் போட்ட ஆர்மின் அளவுகளை மட்டும் எழுதி அனுப்பு. வெல்டிங் செய்ய வேறு ஆள் பார்த்திருக்கிறேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

அத்தை இருக்கிறார். முன்போலவே என்னோடுதான் இருக்கிறார், கூடத்தில் சீட் கவர் தைக்கிறார். உனக்கு எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உன் பேச்சை எடுத்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

கடிதத்தை உறையிலிருந்து எடுக்க எனக்கு ஒரு நாள் ஆனது. உன் கையெழுத்தைப் பார்த்ததும், இரண்டு வருடம் கழித்துத் திட்ட ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அளவுகள் பின்பக்கத்தில் இருக்கின்றன. கீழ் ஆர்ம், மேல் ஆர்ம், ஷாக் மாட்டும் காது, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆர்மின் நுனியில் உருண்டை ஜாயின்ட் உட்காருகிற கிண்ணத்தை மட்டும் கடைசலில் புதிதாகச் செய்துகொள், பழையதை வெட்டி ஒட்டாதே.

ஒன்றே ஒன்று. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். வண்டி குதிக்கும்போது சக்கரம் அந்தரத்தில் தொங்குமே, அப்போது அது அளவுக்கு மீறி இறங்காமல் பிடிப்பது அந்தக் கெட்டித் துணித் தடுப்புப் பட்டை ஒன்றுதான். பட்டை பதிமூன்று அங்குலம். அதற்கு மேல் ஒரு நூல்கூட விடாதே. ஷாக் இன்னும் நீளும், ஸ்பிரிங் இன்னும் நீளும், ஆசை காட்டும். விடாதே. எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இங்கே டிப்பர் லாரிகளுக்கும் பொக்லைன் வாளிகளுக்கும் வெல்டிங் ஒட்டுப் போடுகிறேன். எனக்குப் பெயரே ‘ஒட்டு’தான். என் ஒட்டு விட்டுப்போன கதை நான் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. முதல் ஆறு மாதம் அதைக் கேலியாகச் சொன்னார்கள், இப்போது அதுதான் கூப்பிடுகிற பெயர். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் “ஒட்டு, வா” என்கிறார்கள், நானும் போகிறேன்.

அத்தையைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

அளவுகள் வந்து சேர்ந்தன. ஆர்ம் தயாராகிறது. வெல்டர் அதிகம் பேசாதவர், வேலை சுத்தம்.

நான் இங்கே ஷாக்கைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். போட்டி வண்டிக்குச் செய்த கணக்கு இதற்கு ஒத்துவராது. இது நோயாளி படுக்கிற வண்டி. முதல் நாலு அங்குலம் தலையணைபோல இறங்க வேண்டும், கடைசி இரண்டு அங்குலம் பிடித்து நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கிற மெல்லிய வட்டத் தகடுகளில் ஒன்றை எடுத்தால் வண்டி படகுபோல ஆடுகிறது. திரும்பப் போட்டால் குழியில் விழுந்தவுடன் முதுகில் அறைகிறது. ஆறு முறை மாற்றிவிட்டேன். முன்பென்றால் உன் மாமா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இறங்காமலே, கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவார். எனக்கு அது போதும். இப்போது நானே ஓட்டி நானே இறங்கி நானே யோசிக்க வேண்டியிருக்கிறது.

அது போகட்டும். பட்டையைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். எண்ணுக்குக் கீழே கோடு வேறு. நீ ஒட்டின ஆர்ம் கிழிந்துபோய்க் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான். உன் மாமா போன அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உன்னை என்ன கேட்டேன் என்று நினைவிருக்கிறதா? “உன் கையால செஞ்சதுதானே?” என்று கேட்டேன். நீ தலையைத் தொங்கப் போட்டாய். அன்றைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த அத்தை உன்னைச் சபித்தார், நான் தடுக்கவில்லை. போட்டிக் குழு விசாரித்து ‘வெல்டிங் கோளாறு’ என்று எழுதிக் கொடுத்தது. அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “இல்லக்கா” என்று சொல்லியிருந்தால் சண்டை போடவாவது எனக்கு ஆள் கிடைத்திருக்கும்.

நம் வண்டியில் கடைசியாக ஓடியது பதினாலு அங்குலப் பட்டை. உனக்குத் தெரியாது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் நான்தான் மாற்றினேன். அது ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது, உன் ஒட்டு கிழிகிற வரைக்கும்.

அதனால் கோடு போட்டு எனக்குச் சொல்லாதே.

அக்கா


மார்ச் 30

அக்கா,

பதினாலு வேண்டாம். ஏன் என்று கேட்காதே. அந்த டாக்டரம்மாவை நினைத்துப் பதிமூன்றே வை.

மற்றதெல்லாம் நீ சொன்னது சரி. என் கையால் செய்ததுதான்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

கேட்காதே என்று எழுதினாயே, அதுதான் என்னைக் கேட்க வைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை உனக்கு எப்போதுமே வராது.

திங்கட்கிழமை புது ஆர்மைப் பூட்டினோம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியை அடியில் கொடுத்துச் சக்கரத்தை மேலும் கீழும் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பதிமூன்றில் பட்டை இழுத்துப் பிடித்தது. எங்கேயும் உரசவில்லை. வெல்டரைச் சாப்பிட அனுப்பிவிட்டேன். அவர் போனதும் பட்டையைக் கழற்றிவிட்டு, கயிறு கட்டிப் பதினாலுக்கு இறக்கினேன்.

‘டிக்’ என்றது.

சின்ன சத்தம்தான். ஜாயின்ட்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் போய் முட்டுகிற சத்தம். திரும்ப ஏற்றி இறக்கினேன். திரும்பவும் டிக். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அந்த முட்டு அப்படியே நெம்புகோல் ஆகிவிடுகிறது. ஜாயின்ட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டை நெம்புகிறது. வண்டி ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் ஒரு நெம்பு. அந்தப் போட்டியில் எத்தனை தடவை குதித்திருக்கும்?

பிறகு கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே நம் பழைய வண்டியை மூடியிருக்கிற தார்ப்பாயை இரண்டு வருடமாகத் தூக்கிப் பார்த்ததில்லை. துணி வெயிலில் இற்றுப்போயிருந்தது, கையோடு வந்துவிட்டது. உடைந்த பக்கத்துப் போல்ட்டின் பாதி இன்னும் சக்கரத்தோடுதான் இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதி மங்கல், பாதி பளபளப்பு. ஒரே அடியில் உடைந்திருந்தால் முழுதும் ஒரே நிறமாக இருக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, கடைசியில் முறிந்திருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பில் நகம் பதிந்த மாதிரி ஒரு தழும்பு. உன் ஒட்டு கிழிந்தது அதற்கப்புறம், போல்ட் போன பிறகு ஆர்ம் தரையைக் குத்தியபோது.

இடது பக்கம் பட்டை இருக்கிறது. அளந்தேன், பதினாலு. வலது பக்கம் பட்டையே இல்லை. அறுந்துபோகவில்லை. யாரோ போல்ட்டைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். ஸ்பானர் வைத்த தடம் இன்னும் தெரிகிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ பெயின்ட் கடைக்குப் போயிருந்தாய். உன் மாமா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “முன்பக்கம் இன்னும் ஒரு இன்ச் தொங்கட்டும், இறங்குறப்ப மெத்துனு இருக்கும்” என்றார். அத்தையிடம் சொல்லிப் புது ஜோடி தைத்து வாங்கி மாட்டினேன். மாட்டி முடித்ததும், “ஜாயின்ட் இடிக்குதா, பாத்தியா?” என்று கேட்டார். அதற்கு ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும், அரை நாள் ஆகும். நான், “பாத்தாச்சு” என்றேன்.

“நீ பாத்தா நான் பாத்த மாதிரி” என்று சிரித்துவிட்டு ஏறிப் போனார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எனக்கு ஒரு அங்குலம்.

உனக்கு எப்போது தெரியும்? அதை மட்டும் சொல்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

மூன்றாம் நாள்.

வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் இடது பக்கமாகச் சாய்ந்தபடியே போட்டிருந்தார்கள். மாமாவின் செருப்பும் கண்ணாடியும் உள்ளே இருக்கின்றன, எடுத்துவர வேண்டும் என்று அத்தைதான் அழுதார். யாரும் போகவில்லை, நான் போனேன். குனிந்து செருப்பை எடுக்கும்போது பட்டை கண்ணில் பட்டது. புதுத் தையல், நூல்கூட அழுக்காகவில்லை. நான் போட்டது பழசு. கையால் அளந்தேன். பிறகு விளிம்பைத் தடவினேன். தழும்பு விரலில் தட்டியது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

இதற்கு அப்புறம் எழுதுவதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அந்த மூன்று நாளும் என் கையை நானே பார்க்க முடியாமல் இருந்தேன். சோற்றில் கை வைத்தால், இந்தக் கைதானே என்று தோன்றும். பட்டையைப் பார்த்த நிமிடம், அக்கா, நான் சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே. வாய்விட்டுச் சிரித்தேனோ என்னவோ, காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார். மாமா போய் மூன்று நாள்கூட முடியவில்லை. எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பே ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்த மனுஷன். அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நான் இல்லை, நான் இல்லை என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் அடங்கியதும்தான், நான் இல்லை என்றால் அது யார் என்று உறைத்தது. பட்டையைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். இடது பக்கத்துப் பட்டை வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தது, எட்டவில்லை. குழுவின் ஆட்கள் அதைப் பார்க்கவே இல்லை. கிழிந்த ஒட்டைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள்.

நான் ஏதோ தியாகி என்று நினைத்துவிடாதே. உனக்காக மட்டும் செய்யவில்லை. அப்படிச் சிரித்தவன் எதையாவது சுமக்கட்டும் என்று தோன்றியது. அதோடு, அந்தப் பட்டையைத் தைத்தது அத்தை. பெற்ற பிள்ளைக்குத் தன் கையால் தைத்துக் கொடுத்தது அது. இது வெளியே வந்தால் உனக்காவது வயது இருக்கிறது, எழுந்து நடப்பாய். அவருக்கு என்ன இருக்கிறது? என்னைச் சபிப்பது ஒன்றுதான் அவரை நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறது. அதைப் பிடுங்காதே.

அத்தையிடம் சொல்லாதே, அக்கா. இரண்டு வருடம் போய்விட்டது. எனக்குப் பழகிவிட்டது.

தம்பி


ஏப்ரல் 26

தம்பி,

சொல்லிவிட்டேன்.

முதலில் உன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன். யார் கேட்டார்கள் உன்னை? நான் செய்ததை நான் தெரிந்துகொள்ளக் கூடாது என்று முடிவு செய்ய நீ யார்? இரண்டு வருடம் உன்னை வெறுத்து வெறுத்துத்தான் காலையில் எழுந்தேன். எவன்மேல் தப்பே இல்லையோ அவனை. அதையும் சேர்த்து இப்போது நான்தான் சுமக்க வேண்டும். நீ சிரித்ததை எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதுதான் கோபம் கொஞ்சம் தணிந்தது. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

போட்டிக் குழுவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். போல்ட், கிண்ணம், இடது பட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். ‘பார்த்தாச்சு என்று பொய் சொன்னது நான்’ என்றும் எழுதினேன். கிடைத்தது, பார்க்கிறோம் என்று ஒரு வரி வந்தது.

எழுதிப் போட்ட அன்றே மத்தியானம் அத்தை, டாக்டரம்மாவின் வண்டிக்குப் படுக்கை உறை தைத்துக்கொண்டிருந்தார். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில், மெஷின் மிதியில் அவர் கால் நின்றுவிட்டது.

“எத்தனை இன்ச் சொன்ன நீ?” என்றார்.

“பதினாலு.”

“அதுக்கு முன்னாடி?”

“பதிமூணு.”

“ஏன்டி பெருசாக் கேக்குறேன்னு நான் கேட்டேன்ல?”

“கேட்டீங்க அத்தை.”

“என்ன சொன்ன?”

“உங்க பிள்ளைதான் கேக்குறார்னு சொன்னேன்.”

அவர் மிச்சம் இருந்த தையலை ஓட்டி முடித்தார். நூலைக் கத்தரித்தார். மெஷினுக்கு உறை போட்டு மூடினார். இரவு சாப்பிட்டார். அதுதான் என்னை ஏமாற்றிவிட்டது. சாப்பிட்டாரே, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். விடிந்து பார்த்தால் ஆள் இல்லை. கொடியில் காய்ந்த இரண்டு புடவையும் இல்லை.

இன்றோடு நாலு நாள். நாத்தனார் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷனில், “பெரியவங்க கோவிச்சுக்கிட்டுப் போறது சகஜம்மா, வந்துடுவாங்க” என்றார்கள். உன் குவாரி ஆபீஸுக்கு ஃபோன் செய்தேன். நீ இரண்டாவது குழியில் இருக்கிறாய், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். எதைச் சொல்வது? வைத்துவிட்டேன்.

வண்டி முடிந்துவிட்டது. பதிமூன்றில்தான் பட்டை வைத்திருக்கிறேன். ஐந்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், பிறகு வெல்டரைப் பார்க்கச் சொன்னேன், பிறகு டாக்டரம்மாவையே கூப்பிட்டு அவர் கண் முன்னால் ஒரு முறை செய்து காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், நீங்க பாத்தா சரி” என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீ சொன்னதுதான் சரியோ? சொல்லியிருக்கக் கூடாதோ? கூடத்தில் மெஷின் மூடியபடியே இருக்கிறது. அந்தப் பக்கம் போகாமல் வெளியே சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போகிறேன்.

அவரைப் பற்றி ஏதாவது தெரிந்தால் எழுது.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

அத்தை இங்கே இருக்கிறார்.

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. அவர் வந்து ஆறு நாள் ஆகிறது. எப்படித் தேடிக் கண்டுபிடித்தார் என்று கேட்டதற்கு, நான் உனக்கு அனுப்பிய உறையை மேசைமேல் பார்த்து விலாசத்தைக் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். மூன்று பஸ் மாறி, கடைசி எட்டு மைல் டிப்பரில் ஏறி வந்திருக்கிறார். டிரைவர் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டு, “ஒட்டு, உன்னத் தேடி யாரோ அம்மா வந்திருக்காங்க” என்று கத்தினான். நான் முகமூடியை நிமிர்த்திப் பார்த்தேன். புழுதியோடு நின்றிருந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

“உன் பேரு ஒட்டா?” என்றார்.

“இங்க அப்படித்தான் அத்தை.”

“எவன் வச்சான்?”

அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “ரெண்டு வருஷமா தெனமும் உன்னச் சபிச்சேன்டா. நீ கை அழுகிச் சாகணும்னு வேண்டிக்கிட்டேன். அதத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகத்தான் வந்தேன். எப்படி எடுக்கிறதுன்னு தெரியல” என்றார். என் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தீப்பொறி பட்ட தழும்புதான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். விடவில்லை.

மறுநாள், “அது உன்கிட்டத்தான இருக்கு?” என்று கேட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முனையையும் நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தார். “தையல் பிரியல பாரு” என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. பட்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அழுத மாதிரி இருந்தது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

சொல்லியிருக்கக் கூடாதோ என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இந்த ஆறு நாளில் அவர் மெலிந்துவிட்டார். ஆனால் நேற்றுச் சாப்பாட்டுக் கொட்டகையில் போய் நின்று, “அவனப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்கடா” என்று எல்லோரையும் சத்தம் போட்டார். மேஸ்திரி முதற்கொண்டு எழுந்து நின்றார்கள். குழுவுக்கு நீ எழுதியதற்கு நான் உனக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போகலாமா என்று இரண்டு முறை கேட்டேன். “அவ மூஞ்சியப் பாத்து என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலடா. தெரியிற வரைக்கும் இங்க இருக்கேன்” என்கிறார். தெரியாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

ஆபீஸுக்குப் போய் உனக்கு ஃபோன் செய்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். தடுத்துவிட்டார். “ஃபோன்ல அவ அழுவா. அழுதா நான் கரைஞ்சுடுவேன். எழுது. நான் பத்திரமா இருக்கேன்னு மட்டும் எழுது. அதுக்கு மேல எதுவும் எழுதாத” என்றார்.

எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர் இல்லை, ஆனாலும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு நேரம் என்னத்தை எழுதுகிறாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். விலாசம் என்று சொன்னேன்.

அத்தை பத்திரமாக இருக்கிறார்.

தம்பி